பிரெஞ்சு பண்பாடு கேன்சல், கணக்கு ஓகே!

அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து எம்.எஸ்சி. மேத்ஸ் படிக்கப் போகும் பிள்ளைக்கு டோபாலஜி கிளாஸில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. ஊட்டி மலை ரயில் அத்தனை வளைவு வளைந்து, மூச்சு வாங்க ஏறுகிறதே, அந்தப் பாதை, வளைவு நெளிவைக் கண்டுகொள்ளாத டோபாலஜிக்காரருக்கு வெறும் நேர்கோடு! (இன்ஜின் டிரைவரிடம் சொல்லிப் பாருங்கள்.)

எப்சிலான், டெல்டா என்று கமா பிசகினாலும் மார்க்கில் கை வைக்கும் அனாலிசிஸ், டோபாலஜி மாதிரிப் பாடங்களை வளர்த்த மகான்கள் பரம ஒழுங்கானவர்கள் என்றுதானே நினைப்போம்? ம்ஹூம்.

பிரெஞ்சுக் கணித மேதை ஆந்த்ரே வெய்யை எடுத்துக்கொள்ளுங்கள். அலிகார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ராஸ் மசூத் அவருக்குத் தருவதாகச் சொன்னது பிரெஞ்சுப் பண்பாட்டுப் பேராசிரியர் பதவி. பிறகு தந்தி வந்தது: அது சாத்தியமில்லை, கணிதத்தில் இடம் காலி, வருகிறீர்களா? 1930-ல் வந்து இறங்கிய பேராசிரியருக்கு வயது 23. இன்றைக்கு அந்த வயதில் ‘நெட்’ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்போம்!

வந்தவர் சும்மா இருந்தாரா? சக ஊழியர் ஒருவரைக் கலாய்க்க, கணிதக்காரர் கோசாம்பியைத் தூண்டிவிட்டார். 1931-ல் கோசாம்பி, ‘புர்பாக்கியின் இரண்டாம் தேற்றம்’ பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரையே போட்டுவிட்டார். புர்பாக்கி என்று ஓர் ஆளே கிடையாது! அந்த இல்லாத ஆளின் பெயரில் வெய்யும் நண்பர்களும் பிற்பாடு எழுதிய புத்தகங்களைத்தான் உலகமே டோபாலஜிக்கு வேதமாக எடுத்துக்கொண்டது.

வெய் அலிகாருக்கு அழைத்துக்கொண்டவர் நம்மூர் விஜயராகவன். சொல்லிக்கொள்கிற மாதிரி பட்டம் இல்லை; ஆனால் அனாலிசிஸில் இங்கிலாந்தின் கணித மேதை ஹார்டியே மெச்சிய புலி. பிறகு பல்கலைக்கழகத்தார் வெய்யைக் கழற்றிவிட்டு, அந்த நாற்காலியை இவரிடம் நீட்டினார்கள். புலி ராஜினாமா செய்துவிட்டு டாக்காவுக்கு நடையைக் கட்டியது. சென்னையில் ராமானுஜன் கணிதக் கழகம் தொடங்கியபோது முதல் இயக்குநர் யார் என்கிறீர்கள்? இந்தப் பட்டமில்லாதவர்தான்!

வெய்யின் இன்னொரு நண்பர் ஃபாதர் ரசீன், லயோலா கல்லூரி. பிரான்ஸிலிருந்து கடல் கடந்து வந்து பாடம் சொன்ன பாதிரியார், கெட்டிக்காரப் பையன் கிடைத்தால் என்ன செய்வார்? மெட்ராஸில் உட்காராதே, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஓடு என்று விரட்டுவார். அப்படிப் போனவர்கள்தான் நரசிம்மனும் சேஷாத்ரியும். 1965-ல் இருவர் பேரிலும் உலகப் பிரசித்தமான தேற்றம்.

சேஷாத்ரி பிற்பாடு ஊர் திரும்பினார். 1989-ல் சென்னையில் கணிதத்துக்கென்றே ஒரு பள்ளி ஆரம்பித்தார். எதற்கும் உபயோகமில்லை என்று பெருமை பேசும் தூய கணிதத்துக்கு இடம் கொடுத்தது யாருடைய அறக்கட்டளை தெரியுமோ? ஸ்பிக். ஆமாம், யூரியா மூட்டை விற்கும் அதே கம்பெனி!