எங்கள் தெருவுக்கு மலை தந்த மகானுபாவர்களுக்கு

மேன்மை தங்கிய சாலைத் துறையின் திருச்சமுகத்துக்கு,

தங்கள் கருணையால் எங்கள் தெருவுக்கும் ஒரு மலை கிடைத்துவிட்டது. அதையும் இரவோடு இரவாக எழுப்பியிருக்கிறீர்கள். இதைப் போய் வேகத்தடை என்று சிறுமைப்படுத்துகிற நாக்கு அழுகிப்போகட்டும்.

முந்தாநாள் மாமனாரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரும்போதுதான் எனக்கு முதல் தரிசனம். என்னுடையது ஸ்பிரிங் மாற்றி 30 மி.மீ. இறக்கிய இரண்டு சீட்டு கார். நேராக ஏறினால் வயிறு தட்டும். குறுக்குவாட்டில் ஏறினால் வயிறு தப்பும். ஆனால் பாரமெல்லாம் ஒரு மூலையில் இறங்கி, டயர் போய் ஃபெண்டரின் உள்மடிப்பில் உரசும். குறுக்கே ஏறினேன். கர்ர்ர்ரென்று ஒரு சத்தம், ரப்பர் கருகிய வாடை. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். ஸ்கூல் பையன் ஒருவன் "அண்ணா, ஃபுல்லா ரைட்ல ஒடிங்க" என்று டைரக்‌ஷன் கொடுத்தான். மாமனார் இறங்கி, மஞ்சப்பையோடு மலையைக் கால்நடையாகக் கடந்தார்.

"மாப்ள, நீங்க மெதுவா வாங்க. நான் நடந்தே போயிடறேன்."

பழனிக்கே விஞ்சில் ஏறுகிற மனிதர் அவர்.

வண்டியை யார் இறக்கச் சொன்னது என்று தாங்கள் கேட்பீர்கள். நியாயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டி என் காதைத் திருகவும் செய்யலாம். ஆகவே பிராயச்சித்தத்தில் இறங்கினேன்.

மெக்கானிக் அண்ணன் டயரின் தோளில் சாக்பீஸ் தேய்த்து, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, எங்கே அழிந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். பின்சக்கரம், வெளி ஓரம். அழகுக்கென்று நான் போட்டிருந்த 10 மி.மீ. ஸ்பேசரைக் கழற்றினார், சக்கரம் அவ்வளவு உள்ளே போனது. 235/40 டயருக்குப் பதில் 225/40. பக்கத்துக்கு 5 மி.மீ., உயரத்தில் 4 மி.மீ. மிச்சம். பிறகு பெயின்ட் வெடிக்காமலிருக்க ஹீட் கன்னால் சூடு காட்டிக் காட்டி, ஃபெண்டர் மடிப்பை உருளையால் படிய அமுக்கினார். சுண்டுவிரல் நுழையாத இடத்தில் இப்போது கட்டைவிரல் நுழைகிறது. ஒரு நாள் முழுக்க, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக.

வீட்டுக்கு வந்த கையோடு, மகளின் ஸ்கேலை எடுத்துப் போய்த் தங்கள் மலையையும் அளந்தேன். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. இங்கே அகலம் என் காலுக்கு ஒரு எட்டு. உயரம் 19 செ.மீ. என் அறியாமையை என்னவென்பது? விதியெல்லாம் வேகத்தடைக்கு. மலைக்கு ஏது விதி?

ஆனால் பெயின்ட் அடிக்கவில்லை. எச்சரிக்கைப் பலகை இல்லை. நேற்று விடிகாலை இருட்டில் பால்காரர் இதில் ஏறி விழுந்தார். முழங்கை பெயர்ந்துவிட்டது, பால் சாக்கடை வரைக்கும் ஓடியது. அவருடைய எக்ஸ்எல்லை யாரும் இறக்கவில்லை. ஒரு டப்பா வெள்ளை பெயின்ட், ஒரு ஆள், அரை மணி நேரம். அது கூட முடியாதென்றால் எதற்கய்யா அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

மன்னிக்க வேண்டும். மலையேறியவனுக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். பாலாபிஷேகம் ஆனதாக எடுத்துக்கொள்கிறோம்.

பௌர்ணமி வரை காத்திராமல் நான் கிரிவலத்தைத் தொடங்கிவிட்டேன். மூன்று தெரு சுற்றித்தான் வீடு சேர்கிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். மலைக்கு வடக்கே குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி விட்டுப்போன பள்ளத்தைத் தயவுசெய்து மூடிவிடாதீர்கள். ஒரு மழை பெய்தால் தீர்த்தக்குளமும் தயார்.

இப்படிக்கு,
அடிவாரவாசி