பதிமூணுல ஒண்ணு பெரியப்பா

முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்ததுமே வந்துவிடுவார். சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டி, வெற்றிலைப் பெட்டியைத் தொடையோரம் வைத்து, சீட்டைத் தொடுமுன்பே தொடங்குவார்: "எல்லாம் கணக்குடா தம்பி."

கணக்கு ஒன்றே ஒன்றுதான். 52 சீட்டில் ஏஸ் 4. ஆகவே உருவுகிற சீட்டு ஏஸாக இருக்க வாய்ப்பு பதிமூணுல ஒண்ணு. முதல் சீட்டுக்கு இது சரி. பெரியப்பாவுக்குக் கடைசிச் சீட்டு வரைக்கும் இதேதான். "ஒரு ஏஸ் போயிட்டா மிச்சம் 51-ல 3 தானே பெரியப்பா, பதினேழுல ஒண்ணுதானே?" என்றாள் தம்பி மகள். "எந்தக் கடையில பாப்பா மூணு ஏஸ் வெச்சு கட்டு விக்கிறான்?" அடுத்தடுத்து இரண்டு ஏஸ் வர 221-இல் ஒன்று என்றாள் அவள். பதிமூன்றைப் பதிமூன்றால் பெருக்கி 169 என்றார் இவர். எடுத்த சீட்டைத் திரும்பக் கட்டில் செருகிக் கலைத்தால் அவர் சொல்வது சரி. சீட்டாட்டத்தில் யார் செருகுகிறார்கள்?

ரம்மிக்கு இரண்டு கட்டு. ஆட்டின் ஏழு மொத்தமே இரண்டு. ஒன்றைச் சம்பந்தி வீட்டு மாமா கீழே போட்டார். மற்றதைப் பெரியப்பாவே எறிந்தார். பிறகு ஆட்டின் ஆறையும் எட்டையும் பிடித்துக்கொண்டு அந்த ஏழுக்காகத் தவம். எடுக்கிற சீட்டின் முதுகில் ஒரு தட்டு, ஓரத்தை மட்டும் விரித்து ஒரு பார்வை, ஒரு "ச்சே!" "பன்னெண்டு வாட்டி வரல. பதிமூணாவது வந்தே தீரணும்!"

விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் ரம்மி திறமை ஆட்டம் என்று 1960களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதிகள் பெரியப்பாவோடு ஒரு கை போட்டிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும்.

கழித்தல் தெரியாதவர் இல்லை. பந்தியில் ஜாங்கிரித் தட்டு நாலு இலை தள்ளி வரும்போதே மிச்சம் எத்தனை, தன் இலைக்கு எட்டுமா என்று எண்ணி முடித்துவிடுவார்.

இந்தச் சீட்டுக் கணக்கைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். தோற்றதும் கலைத்தவன் மேல் பழி போட்டு, 80 பாயிண்ட் காசைக் கொடுக்காமல் "தூக்கம் வருது" என்று எழுந்து போவதைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த கல்யாணத்தில் இவரைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். காசை மட்டும் சீட்டுப் போடும் முன்பே வாங்கிவிடுங்கள்.