கருவாட்டுக்கு எந்த ஒயின்?

கேள்வி: என் மகன் பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் படிக்கிறான். லீவுக்கு வந்தபோது இரண்டு ஒயின் பாட்டில் கொண்டுவந்தான். வெள்ளையில் 'பிக்பூல் தெ பினே' என்றும், சிவப்பில் 'கோர்பியேர்' என்றும் எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு. எதைத் திறக்கலாம்? (தியாகதுருகம்)

பதில்: சிவப்பைத் தொட்டுவிடாதீர்கள். குடும்பத்தில் குழப்பம் வரும். சிவப்பு ஒயினில் இரும்புச் சத்து இருக்கும். அது மீன் கொழுப்போடு சேர்ந்தால் வாயில் ஒரு கவிச்சி கிளம்பும். 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல ஒயின்களைச் சிப்பிக் கறியோடு ருசித்துப் பார்த்து, குற்றவாளி இரும்புதான் என்று கண்டுபிடித்தார்கள். சிப்பிக்கே அந்தக் கதி என்றால் கருவாட்டுக்குக் கேட்கவா வேண்டும்? நீங்கள் முகம் சுளிப்பீர்கள். குழம்பைத்தான் குறை சொல்கிறீர்கள் என்று வீட்டம்மா நினைப்பார். அன்று ராத்திரி யாருக்கும் சாப்பாடு இல்லை.

வெள்ளையைத் திறங்கள். பிக்பூல் விளைவது மத்தியத்தரைக் கடலோரத்தில், 'தோ' என்ற உப்பங்கழியை ஒட்டி. அந்தக் கழியில்தான் சிப்பி வளர்க்கிறார்கள். காலையில் எடுத்த சிப்பியைப் பிளந்து வைத்துக்கொண்டு இந்த ஒயினைக் குடிப்பது அந்த ஊர் வழக்கம். நல்ல புளிப்பு. நம் குழம்பில் புளி இருக்கிறதே, அதற்கு ஈடுகொடுக்க ஒயினிலும் புளிப்பு வேண்டும். இல்லையென்றால் ஒயின் வெறும் தண்ணீராக இறங்கும். நன்றாகக் குளிரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக.

இன்னொன்று. மிளகாயும் சாராயச் சத்தும் பரம சிநேகிதர்கள். ஒயினில் அந்தச் சத்து ஏற ஏற நாக்கில் காரம் கொழுந்துவிட்டு எரியும். ஆகவே குழம்பில் மிளகாயைக் குறைக்கச் சொல்லலாம். அதை யார் சொல்வது என்பதை உங்கள் குடும்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

கோர்பியேரை ஆட்டுக்கறிக்கு வையுங்கள். அது கரிஞான், கிரெனாஷ், சிரா என்று இரண்டு மூன்று வகைத் திராட்சையைக் கலந்து செய்வது. வெயில் காய்கிற கல்மேடு, முட்புதர், வாசனைச் செடிகள் என்று அந்தப் பக்கம் நம் மலையடிவாரம் மாதிரியே இருக்கும். வெள்ளாட்டுக் கறியை மிளகு போட்டுச் சுருள வறுத்தால் அதற்கு இது சரியான ஜோடி. தயவுசெய்து சிக்கன் 65-க்கு வீணாக்காதீர்கள். சிவப்புச் சாயம் பூசிய பிராய்லர் கோழியைப் பற்றி இந்தப் பகுதியில் நான் ஏற்கெனவே எழுதியது போதும்.

கேள்வி: ஒயினில் 'டானின்', 'டானின்' என்கிறார்களே, அது என்ன? (கச்சிராயபாளையம்)

பதில்: கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா? எழுந்து நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு கல்வராயன் மலைக் கடுக்காய் வாங்கிக் கடியுங்கள். நாக்கும் ஈறும் சுருண்டு, கன்னம் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும் பாருங்கள், அதுதான் டானின். தோல் பதனிடுகிறவர்கள் காலங்காலமாகக் கடுக்காயைத் தேடி வாங்கியது இதற்காகத்தான். ஆட்டுத்தோலை அழுகாத தோலாக மாற்றுகிற சரக்கு அது.

திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் இதே துவர்ப்பு இருக்கிறது. சிவப்பு ஒயினுக்குத் திராட்சையைத் தோலோடு ஊறப்போடுவதால் அது இறங்கிவிடும். வெள்ளைக்குச் சாற்றை மட்டும் பிழிந்து எடுத்துவிடுவார்கள். கொழுப்பான கறி வாய்க்குள் போனால் இந்தத் துவர்ப்பு கறியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், ஈறை விட்டுவிடும். அதனால்தான் கறியோடு சேரும்போது சிவப்பு ஒயின் சாதுவாகிறது. 'பழைய தோல் வாசனை, ஈர மண், தூரத்தில் ஒரு புகையிலை' என்று கோப்பையைச் சுழற்றியபடி பேசுகிற நிபுணர்களை எனக்குப் பிடிக்காது என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் தோல் விஷயத்தில் மட்டும் பாவம், அவர்கள் அறியாமலேயே பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

கேள்வி: ஒயின் குடித்தால் இதயத்துக்கு நல்லதாமே? (ரிஷிவந்தியம்)

பதில்: விற்பவர் இதயத்துக்கு. குடிப்பவருக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

கேள்வி: சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' பரிமாற வேண்டும் என்று படித்தேன். சரியா? (சின்னசேலம்)

பதில்: யாருடைய அறை? சொன்னவர் கல் சுவர் வீட்டில், பதினாறு பதினெட்டு டிகிரியில் உட்கார்ந்து சொன்னார். சின்னசேலத்தில் மே மாதம் அறை வெப்பத்தில் வைத்தால் அது ஒயின் இல்லை, கஷாயம். ஈரமணல் மேல் வைத்த மண்பானைத் தண்ணீரில் பாட்டிலை அரை மணி நேரம் கழுத்தளவு நிறுத்துங்கள். ஃபிரிட்ஜ் இருந்தால் அதுவும் சரி. ஆனால் பானையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

கேள்வி: பாட்டில் இருக்கிறது, கார்க்கைப் பிடுங்கத் திருகு இல்லை. என்ன செய்வது? (கள்ளக்குறிச்சி)

பதில்: உங்கள் ஊர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். ஒரு தக்கையை எடுக்கவா ஆளில்லை?

கேள்வி: நம் முன்னோர் ஒயின் குடித்தார்களா? (திருக்கோவிலூர்)

பதில்: குடித்தார்கள், அதுவும் இறக்குமதிச் சரக்கு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியத்தரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்கள்) நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தர, குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். புறநானூற்றில் 56-ஆம் பாட்டு. தென் பிரான்சுக்குத் திராட்சைக் கொடியைக் கொண்டுபோனவர்களும் கிரேக்கர்கள்தான். கி.மு. 600 வாக்கில் மார்சேயில் வந்து இறங்கியவர்கள். ஆக அவர்களுக்கும் நமக்கும் சப்ளையர் ஏறக்குறைய ஒருவரே.

ஆனால் பாண்டியன் ஊற்றிக்கொண்டது இருக்கட்டும். எனக்குப் பிடித்தது மலைபடுகடாம். கல்வராயனுக்கு வடக்கே செங்கத்தில் இருந்த நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தருக்கு, வழியில் எந்த மலையில் என்ன கிடைக்கும் என்று சொல்லும் பாட்டு. அதில் வரும் பந்தியைக் கேளுங்கள். குறவர் வீட்டில் முதலில் தினைச் சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும். அப்புறம் மூங்கில் குழாயில் ஊற்றி முற்றவைத்த தேன் தேறல், அதன் மேல் நறவு. பிரெஞ்சுக்காரன் ஓக் மரப் பீப்பாயைப் பற்றி இன்றைக்கும் பெருமை பேசுகிறான். நம் ஆள் மூங்கிலில் முற்றவைத்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

உச்சம் அதற்குப் பிறகுதான். விடியற்காலையில் தலை கனக்குமே, அதற்கும் புலவர் சமையல் குறிப்பு எழுதியிருக்கிறார். அருவி அடித்துக்கொண்டு வந்த பலாப்பழத்தின் கொட்டை, கடமான் கறி, கொழுத்த முள்ளம்பன்றித் துண்டம், நாய் துரத்திப் பிடித்த உடும்பு. இவற்றோடு புளிப்புப் பழமும் மோரும் விட்டு, மூங்கிலரிசிச் சோறு. முந்தின ராத்திரிச் செருக்கு தீர இதைச் சாப்பிடுங்கள் என்கிறார். குடிக்கு முன் என்ன, கூட என்ன, மறுநாள் என்ன என்று மூன்று வேளைக்கும் பொருத்தம் பார்த்து வைத்த ஊர் இது. இன்றைக்கு அதன் வாரிசுகள் ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு நின்ற வாக்கில் முடித்துவிட்டு, ரோட்டோரம் படுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் செய்துபார்க்க நினைப்பவர்கள் கவனிக்க: கடமானும் முள்ளம்பன்றியும் உடும்பும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் இருக்கின்றன. சட்டியில் இருந்தால் அடுத்த விருந்து வனத்துறை உபயம். பலாக்கொட்டையும் ஆட்டுக்கறியும் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றிச் சாமைச் சோற்றோடு சாப்பிடுங்கள். தேறல் இல்லாமலே அது தூக்கலாக இருக்கும்.

திருக்கோவிலூர்க்காரர் என்பதால் ஒன்று கூடுதலாக. காலையிலேயே கள் குடித்துக் களித்திருக்கும்போது தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது, எங்கள் மலையமான் காரி குடிக்காமலே கொடுப்பான் என்று கபிலர் பாடியிருக்கிறார். உங்கள் ஊர்ச் சிற்றரசனுக்குக் கிடைத்த சான்றிதழ் அது. கபிலர் குன்றைத் தாண்டும்போது பெண்ணையாற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போடுங்கள்.

கேள்வி: பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஒயின் மலிவாம். நாலு பாட்டில் வாங்கிவரலாமா? (உளுந்தூர்பேட்டை)

பதில்: சோதனைச் சாவடியில் நிற்பவர் 'எந்த மீனுக்கு?' என்று கேட்கமாட்டார்.

கேள்வி: கடையில் விற்கும் பிராந்தி திராட்சையில் செய்ததுதானே? (மூங்கில்துறைப்பட்டு)

பதில்: ஒயினைக் காய்ச்சி வடித்தால் பிராந்தி. நம் கடைகளில் இருப்பதில் பெரும்பகுதி சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றியது. கரும்பு விளையும் ஊரிலிருந்து கேட்கிறீர்கள், உங்கள் வயலுக்கும் அதில் தூரத்து உறவு இருக்கலாம்.

கேள்வி: கருணாபுரத்தில் அத்தனை பேர் செத்த ஊரில் இருந்துகொண்டு ஒயின், கறி என்று எழுத உங்களுக்கு மனசு வருகிறதா? (பெயர் வேண்டாம், கள்ளக்குறிச்சி)

பதில்: நியாயமான கேள்வி. கிண்டலை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன்.

2024 ஜூனில் கள்ளச்சாராயத்தில் கலந்து, இங்கே அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் ரசாயனம். மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைப்பதும் சட்டவிரோதம்தான், உடம்பைக் கெடுப்பதுதான். ஆனால் மெத்தனால் எந்த மலையிலும் அந்த அளவுக்கு ஊறுவதில்லை. யாரோ காசு மிச்சம் பிடிக்க டிரம்மிலிருந்து ஊற்றியது. பாக்கெட் வாங்கிய கூலிக்காரர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. மணத்திலும் ருசியிலும் வித்தியாசம் காட்டாது.

இதை ஏழைகளின் குடிப்பழக்கம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1986-ல் ஒயினுக்குப் பேர்போன இத்தாலியிலேயே, மலிவு ஒயினில் போதையைக் கூட்ட மெத்தனால் கலந்து, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பாட்டிலும் லேபிளும் யாரையும் காப்பாற்றவில்லை.

ஒன்றை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மெத்தனால் உடனே வேலையைக் காட்டாது. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாள்கூட. வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குவது, கண் மங்கி எல்லாம் பனிமூட்டமாகத் தெரிவது. 'ராத்திரி அதிகமாகிவிட்டது, தூங்கினால் சரியாகும்' என்று படுக்கவைக்காதீர்கள். மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. சீக்கிரம் போனால் கண்ணும் உயிரும் பிழைக்க வாய்ப்புண்டு. கூடக் குடித்தவர் நன்றாக இருந்தாலும் அவரையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போலீஸ் கேஸாகுமே என்று பயந்து யாரும் தாமதிக்க வேண்டாம்.

மனசு வருகிறதா என்றால், அந்தத் தெருவைக் கடக்கும்போது வருவதில்லை.

கேள்வி: எந்த ராசிக்கு எந்த நிற ஒயின்? (சங்கராபுரம்)

பதில்: எல்லா ராசிக்கும் மோர்.

கேள்வி: கல்வராயன் மலையில் ஒயின் திராட்சை போடலாமா? (வெள்ளிமலை)

பதில்: கொடி வளரும், குணம் வருமா என்பதுதான் கேள்வி. தென் பிரான்சில் கொடி குளிர்காலம் முழுக்க மொட்டையாகத் தூங்கி, வருஷத்துக்கு ஒரே ஒரு முறை காய்க்கும். நம் பக்கம் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து பண்ணிப் பண்ணி வருஷம் பூராவும் பன்னீர் திராட்சை பறிக்கிறார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று அங்கே சொல்வார்கள். பன்னீர் மஸ்கட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்துத் திராட்சையில்தான் தென் பிரான்சின் ரிவசால்த்தில் தேன் மாதிரி ஒரு ஒயின் செய்கிறார்கள். பாதி நொதித்ததும் சாராயம் ஊற்றி நிறுத்திவிடுவதால் இனிப்பு அப்படியே நின்றுவிடும். அதிரசத்துக்குப் பொருந்தும் என்பார்கள். இனிப்போடு இனிப்பு குடிக்கும் ஆட்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

நீங்கள் சாமையையும் மரவள்ளியையும் விடாதீர்கள். மரவள்ளிக் கிழங்கு அவித்து, காரமாக ஒரு மீன் குழம்பு வைத்தீர்களென்றால் பொருத்தம் பார்க்க நானே மலையேறி வருகிறேன்.

கேள்வி: சேலத்துக்காரர்களை ஏன் எப்போதும் வம்புக்கு இழுக்கிறீர்கள்? (சேலம்)

பதில்: 1937 அக்டோபரில் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் உங்கள் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். மலைக்கு இந்தப் பக்கம் அப்போது தென்னார்க்காடு, இங்கே விலக்கு இல்லை. அந்தக் காலத்தில் உங்கள் தாத்தாக்கள் என்ன வேலையாக மலையேறி இந்தப் பக்கம் வந்தார்கள் என்பதை எங்கள் தாத்தாக்கள் கடைசிவரை வெளியே சொல்லவில்லை. நானாவது சொல்ல வேண்டாமா?