அம்முணி மனுசனைப் படிக்கப் போறாளாம்

வா அம்முணி, இப்படி உக்காரு. நீட்டு வேண்டாம்னுட்டே, இஞ்சினீரு வேண்டாம்னுட்டே. மனுச உடம்பையும் மனுசன் நடந்துக்கறதையும் ஒண்ணாச் சேத்துப் படிக்கோணும்னு சொன்னியாமா. மாப்பிள்ளை மூஞ்சியைப் பாத்தியா? மஞ்சக் காட்டுக்குள்ள மாடு பூந்த மாதிரி இருக்குது. நான் ஒண்ணும் தடுக்கலை சாமி. கொடுமுடியில இருந்துக்கிட்டு மனுசனைப் படிக்கறதுக்குக் காலேஜ் பீஸு எதுக்குன்னு ஒரு ரோசனை, அவ்வளவுதான்.

ஞாயித்துக்கெழமை காலையில மகுடேசுவரர் கோயில் பக்கம் படித்துறையில போயி நில்லு. பரிகாரத்துக்கு வர்ற கூட்டத்தைப் பாரு. பையனுக்கு முப்பத்தஞ்சு ஆச்சு, பொண்ணு அமையலை, நாகதோசம்னு சோசியன் சொல்லிப்புட்டான். அம்மாக்காரி ஈரச் சேலையோட காவிரித் தண்ணியக் கொடங் கொடமா மொண்டுக்கிட்டுப் போயிப் புள்ளையாருக்கு ஊத்தறா. பையன் நெழல்ல நின்னு செல்லை நோண்டறான். கல்யாணம் அவனுக்கு, நனையறது அவுங்கம்மா. இதுக்கு உங்க படிப்புல என்ன பேரு வெச்சிருக்கறாங்கன்னு மொத வருசமே கேட்டுட்டு வந்து சொல்லு.

சிரிக்காதே. நாம திண்ணையில பேசிக் கலைச்சதையெல்லாம் அடுத்தவங்க புஸ்தகமாப் போட்டுட்டாங்க. சென்னை மியூசியத்துக்குத் தலைமையா இருந்த எட்கர் தர்ஸ்டன்னு ஒரு வெள்ளைக்காரரு, சனங்களோட மூக்கையும் மண்டையையும் இடுக்கி வெச்சு அளந்து, 1909ல சாதிகளைப் பத்தி ஏழு வால்யூம் போட்டாரு. மூக்கை அளந்தா மனுசன் தெரிஞ்சுருவான்னு நெனச்ச காலம். அந்த வழியே கோளாறுன்னு இன்னிக்கு அந்தப் படிப்புக்காரங்களே ஒதுக்கிப்புட்டாங்க. அப்பறம் அறுபதுகள்ல கனடாக்காரப் பொண்ணு ஒண்ணு வந்துச்சு, பிரெண்டா பெக்குன்னு பேரு. காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்துலயே குடியிருந்துச்சு. யாரு வீட்டுல யாரு கை நனைப்பாங்க, யாருக்கு யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு அத்தனையும் நோட்டுல எழுதி, அண்ணமார் சாமி கதையை டேப்புல புடிச்சு, 1972ல கொங்கு நாட்டுக் குடியானவங்களைப் பத்தியே ஒரு புஸ்தகம் போட்டுச்சு. அடுத்த வீட்டு சமாச்சாரம் கேக்கறதுல உங்க அமுச்சி அந்தம்மாளுக்கு ஒரு பொட்டுக் கொறைஞ்சவ இல்லை. என்ன, நோட்டு வாங்கிக் குடுக்க ஆளில்லாமப் போச்சு.

செரி, சோலிக்கு வருவோம். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல 'மனித உயிரியல்'னே ஒரு பட்டம் இருக்குது. அதே ஊர்ல சபோல்ஸ்கின்னு ஒரு வாத்தியாரு, கென்யாக் காட்டுல பபூன் கொரங்குகளை வருசக்கணக்காப் பாத்தாரு. கூட்டத்துல கீழ்ப்படியில கெடக்கற கொரங்குக்கு ரத்தத்துல மன அழுத்த ஹார்மோன் ஏறியே கெடக்குதாம். ஒரம்பரை வூட்டுக் கல்யாணத்துல கடைசிப் பந்திக்கு நிக்கறவன் ரத்தத்தையும் ஒருக்கா எடுத்துப் பாக்கச் சொல்லோணும்.

நம்ம பக்கம் அப்படி ஒரே போர்டைத் தேடுனா அலைச்சல்தான். இங்க ஒடம்பு ஒரு கட்டடத்துல, மனசு ஒரு கட்டடத்துல. கோயமுத்தூர் பாரதியார் பல்கலையில மனித மரபியல் ஒரு துறை, உளவியல் வேறொரு துறை. ரெண்டும் டிகிரி முடிச்சுட்டு மேல படிக்கப் போறவங்களுக்கு. இப்பத்திக்கு பி.எஸ்சி. சைக்காலஜி வேணும்னா பி.எஸ்.ஜி. கலை அறிவியல் காலேஜ்ல கேளு. ஒடம்பும் பழக்கவழக்கமும் ஒண்ணா வேணும்னா அதுக்கு மானுடவியல்னு பேரு, டெல்லிப் பல்கலையில பி.எஸ்சி.யாவே இருக்குது, சி.யு.இ.டி. பரிச்சை எழுதோணும். டெல்லின்னு சொன்னதும் மாப்பிள்ளை எந்திரிச்சுப் போறாரு பாரு. எங்க போயிருவாரு, காப்பி வந்தா வந்துருவாரு.

பளபளன்னு பேரு வெச்சு நோட்டீசு குடுக்கற எடத்துல, பேரை வுட்டுட்டு ஒவ்வொரு செமஸ்டருக்கும் என்ன பாடம்னு கேட்டு வாங்கு. உடலியங்கியல் இருக்குதா, மரபியல் இருக்குதா, செய்முறைக்கு லேப்பு இருக்குதா? எல்லாத்துக்கும் மேல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்குதா? ஏன் முழிக்கறே? கணக்கு வராதுன்னுதானே இந்தப் பக்கம் வந்தே? அது உனக்கு முந்தியே அங்க போயி எடம் போட்டு உக்காந்துக்கிச்சு கண்ணு.

அப்பறம், மூணு வருசம் முடிச்சுட்டு ஈரோட்டுல 'கிளினிகல் சைக்காலஜிஸ்ட்'னு போர்டு மாட்டிப்புடலாம்னு யாராச்சும் சொன்னா, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரு. வெறும் பி.எஸ்சி. சைக்காலஜிக்கு அது ஆகாது. அதுக்குன்னு இருக்கற மேல்படிப்பு முடிச்சு, மறுவாழ்வு கவுன்சில்ல பதிஞ்சாத்தான் ஆகும், 1992லயே சட்டம் வந்தாச்சு. வூட்டுல இருந்தே தபால்ல படிக்கலாம்னு உங்க மாமன் சொன்னானாமா? சைக்காலஜியை தொலைதூரத்துலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு 2025லயே யு.ஜி.சி. நிறுத்திப்புடுச்சு. அவன் பேச்சை வேற எதுக்காச்சும் கேட்டுக்க.

பொழப்புக்கு ஆகுமான்னு மாப்பிள்ளை கேக்கறாரு, நாயம்தான். ஈரோட்டு மஞ்சக் கமிட்டியையே எடுத்துக்க. 2010ல வெலை உச்சிக்குப் போச்சு. இன்னும் ஏறும்னு மூட்டையை எறக்காம வெச்சிருந்தவங்க எத்தனை பேரு! அடுத்த வருசம் சரிய ஆரம்பிச்சும் குடுக்க மனசு வரலை, 'அன்னைக்கு வித்த வெலைக்கு ஒரு ரூவா கொறையாது'ன்னு ஒரே புடி. நட்டத்தை ஒத்துக்கறது லாபம் வர்றதை வுட மனசுக்குப் பெருசாப் படுதுன்னு கானெமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு பேரு 1979லயே எழுதிட்டாங்க. கானெமனுக்கு 2002ல பொருளாதாரத்துக்கு நோபல் குடுத்தாங்க. ஆளு யாரு, சைக்காலஜிக்காரரு! நம்ம கமிட்டியில ஒரு நா உக்காந்திருந்தா இன்னும் சீக்கிரமே வாங்கியிருப்பாரு.

ஒண்ணு மட்டும் சொல்லி வெக்கறேன். படிச்சதையெல்லாம் கல்யாண வூட்டுல எடுத்து வுட்டுறாதே. மாமன் மவனும் அத்தை மவளுமாக் கட்டுனா, ரெண்டு பேருக்கும் எட்டுல ஒரு பங்கு மரபணு ஒண்ணா இருக்கும். அக்கா மவளைத் தாய்மாமன் கட்டுனா நாலுல ஒரு பங்கு. ஒளிஞ்சு கெடக்கற கோளாறு ரெண்டு பக்கமும் ஒண்ணாச் சேந்து கொழந்தைக்கு வர்றதுக்கு வழி அதிகம். நெசந்தான், நம்ம சனம் காது குடுத்துக் கேக்க வேண்டியதுதான். ஆனா பந்தியில பாயசம் ஊத்தறப்பச் சொன்னா அடுத்த சீருக்கு உன்னையக் கூப்புட மாட்டாங்க. உங்க அமுச்சியும் எனக்கு மாமன் மவதான். எட்டுல ஒரு பங்கு எனக்கும் அவளுக்கும் ஒண்ணுங்கறே, ஒத்துக்கறேன். கோவம் மட்டும் முழுசும் அவ பங்குக்கே போயிருச்சு, அது எந்தக் கணக்குன்னு கேட்டுட்டு வா.