ஓடினாலும் ஓயாத கை

கேள்வி: மதராசில் வாழ்ந்த ஆங்கிலேய ஓவியர்களில் யார் கதை சுவாரசியம்?

பதில்: சந்தேகமே வேண்டாம், ஜார்ஜ் சின்னரி! 1774இல் லண்டனில் பிறந்து, ராயல் அகாடமியில் படித்தவர். டப்ளினில் கல்யாணம், இரண்டு குழந்தைகள். 1802இல் மூவரையும் அங்கேயே விட்டுவிட்டு மதராசுக்குக் கப்பலேறிவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சகோதரர் இங்கே இருந்தது ஒரு தெம்பு.

கேள்வி: இங்கே வரைந்ததில் எது உசத்தி?

பதில்: 1805இல் வரைந்த இரண்டு குழந்தைகள். ஐதராபாத்தில் கம்பெனியின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக்குக்கும் அவர் மனைவி கைருன்னிசாவுக்கும் பிறந்தவர்கள். இங்கிலாந்துக்கு அனுப்புவதற்காக மதராசுக்கு அழைத்து வரப்பட்டிருந்தார்கள். ஐதராபாத் உடுப்பு, தலையில் தொப்பி. அண்ணன் நேரே நம்மைப் பார்க்கிறான். ஒரு படி மேலே நிற்கும் தங்கை கண்ணைத் தாழ்த்தியிருக்கிறாள். அந்தப் பார்வையைக் கடந்து போகவே முடியாது. தாயை இருவரும் அதன்பின் காணவில்லை. பல்லாண்டு கழித்து, இங்கிலாந்தில் ஒரு மாளிகைச் சுவரில் இதே படத்தைக் கண்டு அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

கேள்வி: பணம் குவிந்திருக்குமே?

பதில்: குவிந்தது, அதைவிட வேகமாகக் கரைந்தது. 1807இல் மதராசை விட்டு வங்காளம் போனவர், கல்கத்தாவில் பெரிய மனிதர்கள் தேடிவரும் ஓவியரானார். கடனும் கூடவே வளர்ந்தது. கழுத்தை நெரித்தபோது, டேனிஷ்காரர் ஆண்ட செராம்பூருக்கு ஓடினார். ஆங்கிலேயக் கோர்ட்டின் கை அங்கே எட்டாது. 1825இல் சீனக் கரையில் உள்ள மக்காவ்!

கேள்வி: மனைவிக்குப் பயந்துதான் சீனா போனாராமே?

பதில்: மக்காவுக்கு மனைவி வந்தால் கான்டனுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிச் சிரிப்பாராம். வெளிநாட்டுப் பெண்களுக்கு அப்போது அங்கே அனுமதியில்லை. ஆனால் அந்த மனைவி மரியானையும் நினைத்துப் பாருங்கள். 16 வருஷம் பிரிந்திருந்து 1818இல் கல்கத்தா வந்தவர். மகன் 1822இல் இந்தியாவிலேயே இறந்துபோனான். அந்தச் சிரிப்பில் நம்மால் சேர முடியவில்லை.

கேள்வி: சீனாவில் பிழைப்பு நடந்ததா?

பதில்: பெரும் வணிகர் ஹௌக்வா, வில்லியம் ஜார்டைன் போன்றோர் அவர்முன் உட்கார்ந்தார்கள். உருவப்படம் வயிற்றுக்கு, மனசெல்லாம் தெருவில். நாவிதர், கொல்லர், படகுக்காரப் பெண்கள், பன்றிகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கோட்டோவியமாக்கினார். எது சரியாக வந்தது, எதைத் திருத்த வேண்டும் என்று ஓரத்தில் சுருக்கெழுத்தில் தனக்கே குறித்துக்கொள்வார். 1852இல் மக்காவிலேயே காலமானார். அந்தத் தாள்களில் அவருடைய சுருக்கெழுத்து இன்றும் இருக்கிறது.