வீட்டிலிருந்து நீக்கப்பட்ட பெரியப்பா

தனக்கு எத்தனை உறவினர்கள் என்பது காஞ்சிபுரத்துக்காரன் ஒவ்வொருவனுக்கும் 2019இல் தெரிந்துபோனது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்திவரதர், அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்து ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 16 வரை சேவை சாதித்தார். ஊருக்கு ஒரு கோடிப் பேர் வந்ததாகச் சொன்னார்கள். அதில் கணிசமான பங்கு பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில்தான் தங்கியது. வந்தவர்கள் காலைக் கழுவியதும் முதலில் கேட்டது வைஃபை பாஸ்வேர்டு. 48ஆம் நாள் பெருமாள் குளத்துக்குள் போய்விட்டார். பாஸ்வேர்டு வாங்கியவர்கள் வைஃபையை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் அவர்கள் வாசல்படி ஏறுவதற்குள் அவர்கள் போன் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அம்மா சுப்ரபாதம் கேட்டுக்கொண்டிருக்கும் டிவியில் திடீரென்று சித்தி பேரனின் குத்துப்பாட்டு ஓடுகிறது.

அதோடு விட்டிருக்கலாம். சென்னையில் ஐடி வேலை பார்க்கும் அக்கா மகன் வீட்டை ஸ்மார்ட் ஆக்கினான். வாசலில் கேமரா, கூடத்தில் பேசுகிற ஸ்பீக்கர், தறிக்கூடத்தில் போனிலேயே எரிந்து அணைகிற விளக்கு. சுவரில் இருந்த சுவிட்சைப் பழசு என்று கழற்றிவிட்டான். ஆப்பில் குடும்பத்தார் எல்லோரையும் சேர்த்தான். இந்த மாதிரி ஆப் செய்கிறவர்கள், வீடு என்றால் புருஷன், பெண்டாட்டி, ஒரு நாய் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பல ஆப்களில் உள்ளே வந்தவர் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அதிகாரம். விளக்கை அணைக்கலாம், கேமரா பார்க்கலாம், சிலவற்றில் இன்னொருவரையும் கூட்டிவரலாம்.

செய்யாற்றில் இருக்கும் பெரியப்பா தன் சம்பந்தியை ஆப்புக்குள் கூட்டிவந்தார். சம்பந்திக்கு ஆரணியில் தறி. எங்கள் வாசல் கேமராவின் ஓரத்தில் தறிக்கூடம் கொஞ்சம் தெரியும். எங்கள் தறியில் யாளி பார்டர் பாதி நெய்வதற்குள் ஆரணியில் யாளி முழுசாக நெய்து மடித்தாகிவிட்டது. இரண்டு யாளிக்கும் ஒரே மாறுகண்.

எங்கள் வீட்டு ஸ்பீக்கர் இன்னும் மோசம், அதற்கு ஆள் வித்தியாசமே கிடையாது. 2017இல் பர்கர் கிங் அமெரிக்க டிவியில் ஒரு விளம்பரம் போட்டது. அதில் வருகிற ஆள் கூகுளைக் கூப்பிட்டு பர்கரைப் பற்றிக் கேட்க, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வீட்டு ஸ்பீக்கர்கள் பொறுப்பாக விக்கிபீடியாவை வாசிக்கத் தொடங்கின. டிவிக்காரன் பேச்சைக் கேட்கிற கருவி, கீரைக்காரம்மா பேச்சைக் கேட்காதா?

மறு ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தார் அடங்கிய ஒரு குழு 425 பேரிடம் விசாரித்துச் சொன்னது: கருவியை மொத்தமாகத் திறந்துவிடக் கூடாது, யார், என்ன உறவு, எந்தக் காரியம் என்று பார்த்துத்தான் அனுமதி கொடுக்க வேண்டுமாம். எங்கள் அம்மா ஒருத்தியைக் கேட்டிருந்தால் போதும். எண்ணெய் டப்பா எடுக்கிற மருமகள் ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது என்பது இந்த வீட்டில் ரொம்ப நாளாக அமலில் இருக்கும் சட்டம்.

யாளி விவகாரத்துக்குப் பிறகு அக்கா மகன் பெரியப்பாவை ஆப்பிலிருந்து எடுத்தான். அந்த ஆப் மரியாதை தெரிந்தது போலிருக்கிறது. உடனே அவருக்குத் தகவல் அனுப்பியது: "நீங்கள் இந்த வீட்டிலிருந்து நீக்கப்பட்டுள்ளீர்கள்."

முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். போனை மூக்குக் கண்ணாடிக்கு நேரே பிடித்துத் தெரு முழுக்கப் படித்துக் காட்டினார். "பாகம் பிரிச்சப்பகூட என் தம்பி இந்த வார்த்தை சொல்லலையே!" என்று திண்ணையில் உட்கார்ந்து அழுதார். பாவு பிணைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

பஸ்ஸில் போனால் பக்கத்தில்தான் உத்திரமேரூர். அங்கே பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏறக்குறைய 1,100 ஆண்டுக்கு முன்பே ஆளை விலக்கிவைப்பதற்கு வழி செய்திருக்கிறது. ஊர்ச்சபை வாரியத்தில் இருந்து இறங்கியவர் மூன்று ஆண்டுக்கு மறுபடி குடவோலைத் தேர்தலுக்கு வர முடியாது. கணக்குக் காட்டாதவருக்கு இடமே இல்லை. அவருடைய அத்தை மகன், மாமனார், மைத்துனன், மருமகன் வரைக்கும் யாருக்கும் இல்லை. கல்லுக்கு ஒரு வசதி, அது நோட்டிபிகேஷன் அனுப்பாது.

எங்கள் தெருப் பெரியவர்கள் அந்தக் கல்வெட்டைப் படித்தவர்கள் இல்லை. காபி குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள்: பெரியவரை மறுபடி சேர்க்க வேண்டும், அதுவும் வயசுக்குத் தகுந்த இடத்தில். அக்கா மகன் பல்லைக் கடித்துக்கொண்டு அவரை அட்மின் ஆக்கினான்.

பெரியப்பாவுக்கு ராத்திரி எட்டு மணிக்கே கண்ணைச் சொக்கும். படுக்கும் முன் விளக்கெல்லாம் அணைப்பது அவர் சின்ன வயசுப் பழக்கம். செய்யாற்றில் இருந்தபடியே எங்கள் தறிக்கூடத்தையும் அணைத்துவிடுகிறார். போன் போட்டால் பெரியம்மா எடுக்கிறாள்.

"அவரு தூங்கிட்டாருப்பா. எந்தப் பட்டன்னு எனக்குத் தெரியாது. வீட்ல மெழுகுவத்தி இருக்கா?"