ஒரு நிமிட வாஷிங்டன்

போன வாரம் பேத்திக்குச் சமூக அறிவியல் பரீட்சை. ஒன்பதாம் வகுப்பு. முதல் நாள் ராத்திரி புத்தகம் புரளும் சத்தமாவது கேட்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஊஞ்சலில் படுத்துக்கொண்டு கட்டைவிரலால் போனை மேலே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"படிக்கலையா?"

"படிச்சிட்டுத்தானே இருக்கேன் தாத்தா. அமெரிக்க சுதந்திரப் போர். மிஸ்ஸே குரூப்ல போட்டுட்டாங்க. ஐம்பத்தெட்டு செகண்ட்."

1775இல் தொடங்கி 1783 வரைக்கும் எட்டு வருஷம் நடந்த சண்டை. வருஷத்துக்கு ஏழு விநாடி, கொசுறாகக் கொஞ்சம். வாங்கிப் பார்த்தேன். கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பையன் "இதைக் கேட்டா ஷாக் ஆயிடுவீங்க நண்பர்களே" என்றான். டமடமவென்று ஒரு சினிமாப் பின்னணி இசை. வெள்ளை முடியோடு வாஷிங்டன் வந்தார். முகம் பார்க்குமுன் போனார். கப்பலிலிருந்து டீத்தூள் விழுந்தது. வாணவேடிக்கை. கொடி. லைக் பண்ணச் சொன்னான். மூச்சு விடுவதற்குள் அடுத்த வீடியோ தானாகவே ஓடியது: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாம். அந்த நிழலில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கியவன் நான். என்னிடமே சொல்கிறான்.

நான் ஒன்றும் யோக்கியனில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு 'ரெண்டே ரெண்டு பார்ப்போம்' என்று படுத்தால், விளக்கு வைக்கிற நேரத்தில், யாரோ ஒருவன் எந்த ஊரிலோ அழுக்குக் கம்பளம் துவைப்பதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் கம்பளம் துவைப்பதில் எனக்கு யாரும் பரீட்சை வைப்பதில்லை.

கோபம் எதற்கு என்றால், அந்த ஐம்பத்தெட்டு விநாடியில் மூன்று சமாசாரம் விட்டுப் போயிருந்தது. மூன்றும் நம் தஞ்சாவூர்ச் சீமையைச் சேர்ந்தவை. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது. பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியது 1773 டிசம்பர் 16. தேயிலை யாருடையது? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. அதே கம்பெனியின் பட்டாளம் அதற்கு மூன்று மாதம் முன்னால், செப்டம்பரில், ஆற்காட்டு நவாபுக்காகத் தஞ்சாவூர்க் கோட்டையைப் பிடித்து, துளஜா மன்னரைச் சிறையில் வைத்தது. நவாபுக்குக் கழுத்துவரை கடன். கொடுத்தவர்களில் பலர் கம்பெனி உத்தியோகஸ்தர்கள். அவர்களில் பால் பென்ஃபீல்டு என்ற ஒருவன், தஞ்சாவூர் வயலில் நிற்கிற நெல்லில் தனக்குப் பாத்தியதை உண்டு என்று காகிதத்தை நீட்டினான். 1776 ஏப்ரலில் சென்னை கவர்னர் பிகட், துளஜாவை மறுபடி அரியணையில் உட்கார வைத்தார். ஜூலையில் அமெரிக்கர்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். ஆகஸ்டில் சென்னைக் கவுன்சில்காரர்கள் தங்கள் கவர்னரையே பிடித்துக் காவலில் வைத்தார்கள். மறு வருஷம் காவலிலேயே அவர் உயிர் போயிற்று. அங்கே தேயிலை, இங்கே நெல். நடுவில் ஒரே கம்பெனி.

இவ்வளவையும் மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன்.

"இது பரீட்சைக்கு வருமா தாத்தா?"

"வராது."

"அப்புறம் ஏன் சொல்றீங்க? அந்த டீ கொட்டுறது மட்டும் ஜாலியா இருந்துச்சு."

ஜாலியாம். நம் ஊரில் கொட்டிப் பார்த்தால் தெரியும். இங்கே டீக்கு வரி போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காபிக்குப் போட வேண்டும். போட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். டிசம்பர் 16, மார்கழி பிறக்கிற சமயம், ஜனவரி 28 வரைக்கும் மேட்டூர் திறந்திருக்கும் என்பதால் ஆற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. திருவையாற்றுப் பாலத்தில் காபி மூட்டையோடு கூடுகிறோம். கொட்டினோமா? எப்படிக் கொட்டுவது! முதல் மூட்டையை யார் தள்ளுவது என்று தீர வேண்டாமா? ஊர்ப் பெரியவரா, சங்கத் தலைவரா, ஃபிளெக்ஸ் பேனருக்குக் காசு கொடுத்தவரா? அது தீர்வதற்குள் கும்பகோணத்துக்காரர் ஒருவர் மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல சிக்கரி கலந்திருக்கு, இதைக் கொட்டினா நமக்குத்தான் அவமானம்" என்பார். சிக்கரி எத்தனை பங்கு வரை போகலாம் என்பதில் இரண்டு கட்சி பிரியும். கடைசியில் கொட்டினாலும் காபி பேசாமல் கடலுக்குப் போகுமா? மதகு ஷட்டரை லஸ்கர் தூக்க வேண்டும். மேலிடத்து உத்தரவு இல்லாமல் அவர் தூக்க மாட்டார். உத்தரவு வந்தால் முறைவைத்துத்தான் வரும்: காவிரியில் ஆறு நாள் காபி, வெண்ணாற்றில் ஆறு நாள் காபி. குடமுருட்டிக்கும் அரசலாற்றுக்கும் கசிவுக் காபி. பத்தாம் நாள் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கடைமடைக்காரர்கள் காலி டபராவோடு வந்து நிற்பார்கள்: "தலைமடையில டிகிரி காபி ஓடுது, எங்களுக்குத் தண்ணிக் காபிகூட வந்து சேரலைங்க." வாய்க்கால் தூர்வாரியிருந்தால் வந்திருக்கும் என்று ஒருவர் சொல்வார். தூர்வாரியாகிவிட்டது, போட்டோ இருக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். இதற்கு நடுவில் யாராவது ஒரு புண்ணியவான், இந்தக் காபிக்கொட்டை குடகிலிருந்து வந்தது, இந்தத் தண்ணீரும் குடகிலிருந்து வந்தது, குடகுச் சரக்கைக் குடகுத் தண்ணீரில் கரைத்து நாம் யாரை எதிர்க்கிறோம் என்று கேட்டுத் தொலைப்பார். நியாயமான கேள்வி. கொட்டைக்கு ஒரு வழக்கும் கிடையாது, லாரியில் தவறாமல் வந்து இறங்குகிறது. தண்ணீருக்குத்தான் 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று தசம புள்ளி வைத்து எழுத வேண்டியிருந்தது. கூட்டம் கலையும். போகிற வழியில் எல்லோரும் காபி குடிப்பார்கள். வரியோடு.

எங்கே விட்டேன்? இரண்டாவது.

இரண்டாவது நாகப்பட்டினம். அது அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. டச்சு வியாபாரிகள் அமெரிக்கர்களுக்குச் சரக்கு விற்றார்கள் என்ற ஆத்திரத்தில் பிரிட்டன் அவர்கள்மேல் போர் தொடுத்தது. 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை ஆயுதத்தைக் கீழே போட்டது. அதே அக்டோபரில் இங்கே ஹெக்டர் மன்றோ நாகப்பட்டினத்தை முற்றுகையிட்டு நவம்பரில் பிடித்துவிட்டார். அங்கே விட்டதற்கு இங்கே பிடித்தார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் நாகைக் கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் பிரிட்டிஷ் கப்பல்களும் மோதின. 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே மறுபடியும் மோதினார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் பேசி முடித்திருந்தார்கள். இங்கே சேதி வந்து சேரவில்லை. ஆக, பாஸ்டனில் பற்றியது கடலூரில் வந்துதான் அணைந்தது. தோற்ற கார்ன்வாலிஸ் என்ன ஆனார்? 1786இல் நமக்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். பேத்தியின் புத்தகத்தில் அவர் ஒரு பாடத்தில் தோற்பார், இன்னொரு பாடத்தில் ஆள்வார். இரண்டும் ஒரே ஆசாமி என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். காதில் வயர் மாட்டியிருந்தது.

சுருக்குவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. பரீட்சைக்கு முதல் நாள் நாங்களும் நோட்ஸ் வாங்கித்தான் படித்தோம். அது சுருக்கம் என்று எங்களுக்குத் தெரியும். முழுசு வேறெங்கோ தடியாக இருக்கிறது என்ற பயமும் இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் போய்விட்டது. ஐம்பத்தெட்டு விநாடி முடிந்தால் அமெரிக்காவும் முடிந்தது.

மூன்றாவது, ஹைதர் அலி என்ற பெயரில் 1782இல் பென்சில்வேனியாக்காரர்கள் ஓட்டிய போர்க்கப்பல். இதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஹைதர் கலாபத்தைச் சொல்ல வேண்டும். 1781இல் ஹைதரின் குதிரைகள் டெல்டாவை மிதித்த கதை அது. அது புரிய வேண்டுமானால் கொள்ளிடத்தைச் சொல்ல வேண்டும். கொள்ளிடத்தைச் சொல்லத் தொடங்கினால் கல்லணையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்லணை என்றால் கரிகாலன். இதற்குள் நீங்களும் பழக்க தோஷத்தில் இந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் மேலே தள்ளிப் பார்த்திருப்பீர்கள்.

சரி, கப்பல் கிடக்கட்டும். பெற்றோர்களுக்கும் டீச்சர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வரி கொடுக்க மாட்டோம் என்று கடலோரத்துக்குப் போன கதைக்கு நாம் பாஸ்டன் வரை போக வேண்டியதில்லை. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு பேர் திருச்சியிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நடந்தே வேதாரண்யத்துக்குப் போய் உப்பு எடுத்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்றார் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். நம் ஜனங்கள் பொட்டலம் கட்டி வழியோர மரங்களில் தொங்கவிட்டார்கள். நடந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஏப்ரல் 30 அன்று ராஜாஜி கைதானார். இதை ஒரு நிமிடத்தில் சொல்லும் வீடியோவும் இருக்கும், வேண்டாம்.

வேதாரண்யத்தை ஒட்டிய அகஸ்தியம்பள்ளியில் நினைவுத் தூண் இருக்கிறது. பக்கத்திலேயே உப்பளம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அங்கே 2023 ஏப்ரல் முதல் மறுபடி ரயில் ஓடுகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போங்கள், உங்களுடையதையும் சேர்த்து.